கேக்குக்கு வீட்டிலேயே ஆரஞ்சு எசன்ஸ்

கேள்வி: கடையில் விற்கும் எசன்ஸ் வேண்டாம் என்று ஆரஞ்சுச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கேக் மாவில் சேர்த்தேன். புளிப்பு ஏறியதே தவிர மணம் வரவில்லை. எங்கே தவறு?

பதில்: சிறு வயதில் ஆரஞ்சுத் தோலை மடித்து அடுத்தவர் கண்ணருகே பீய்ச்சி விளையாடியிருப்பீர்கள். கண்ணை எரிய வைத்த அந்தத் துளிகள்தான் நீங்கள் தேடும் மணம். தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்ணிய பைகளில் இருக்கும் அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்னும் பொருள். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சாற்றில் சர்க்கரையும் புளிப்புமே மிகுதி. இருக்கும் சிறிதளவு மணமும் கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும்.

மெழுகு பூசிய பழமாக இருக்கக்கூடும் என்பதால், நான்கு பழங்களை வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, ஆரஞ்சு நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். இதில் அவசரமே கூடாது. அடியிலுள்ள வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் எசன்ஸ் முழுவதும் கசந்துவிடும், பிறகு அதைத் திருத்த வழியில்லை. சீவலைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் போட்டு, 40 சதவீத ஆல்கஹால் உள்ள வோட்கா 150 மில்லி ஊற்றி, தோல் முழுவதும் மூழ்கியிருக்கும்படி இறுக மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் நான்கு வாரம் வையுங்கள். அவ்வப்போது குலுக்கினால் போதும். தோல் வெளுத்து, திரவம் மஞ்சளானதும் மெல்லிய துணியில் வடிகட்டலாம்.

கடை எசன்ஸைவிட இது மென்மையானது. ஆகவே 250 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம்; அதையும் வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்கும்போதே சேர்த்துவிட்டால் கொழுப்பு மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஸ்ட்ராபெர்ரிக்கு இதே முறையை அப்படியே பின்பற்றாதீர்கள். அந்தப் பழத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். புட்டி நிறையப் பழத்தைப் போட்டால் ஆல்கஹால் நீர்த்துப்போய், கெடாமல் காக்கும் வலிமையை இழந்துவிடும். ஈரமில்லாமல் உலர்த்திய பழத்தையே பயன்படுத்துங்கள்.

வீட்டில் ஆல்கஹாலே கூடாதென்றால், கிளிசரினில் ஊறவைப்பதைவிட, துருவிய மேல்தோலைக் கேக்குக்கு அளந்து வைத்த சர்க்கரையோடு சேர்த்து, சர்க்கரை ஈரமணல்போல் ஆகும்வரை விரல்களால் கசக்குவதையே நான் பரிந்துரைப்பேன். சர்க்கரையின் கூர்மையான படிகங்கள் அந்த எண்ணெய்ப் பைகளைக் கீறித் திறந்துவிடும். நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே கேக் செய்யலாம்.