ஆக்ஸில் ஷாஃப்டை வலுவாக்க எங்கே தொடங்குவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பாறை ஏறும்போது என் வண்டியின் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இரண்டாவது தடவையாக முறிந்துவிட்டது. ஆக்ஸில் டானா 35 மாடல், ஷாஃப்ட் முனையில் 27 ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பல்). 30 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா?

பதில்: போதாது தம்பி. ஷாஃப்ட் முனையில் உள்ள ஸ்ப்ளைன் போய் உட்காருவது டிஃபரென்ஷியலுக்குள், அதாவது விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் தொகுப்புக்குள், இருக்கும் சைடு கியரில். அதன் துளையில் 27 ஸ்ப்ளைன் வெட்டியிருந்தால் 30 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் உள்ளேயே போகாது. அதனால் 30 ஸ்ப்ளைன் சைடு கியர் உள்ள லாக்கரையும் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது) ஷாஃப்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ‘சூப்பர் 35’ என்று விற்கும் கிட் அதுதான். ஆனால் ஹவுசிங் என்ற வெளிக்கூடும், விசையை ஆக்ஸிலுக்குத் திருப்பும் கிரவுன் பினியனும் (பெரிய கிரவுன் வீல், சிறிய பினியன் என்ற கியர் ஜோடி) பழையதாகவே இருக்கும். டானா 35-இன் கிரவுன் வீல் விட்டம் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், டானா 44-இல் எட்டரை. 35 அங்குல டயர் போடும் எண்ணம் இருந்தால் கிட்டில் பணம் போடாதீர்கள், டானா 44 ஆக்ஸிலாகவே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மூன்று ஸ்ப்ளைன் கூடினால் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா?

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் கனத்துக்கு, அதாவது மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஃபோர்டு 8.8 ஆக்ஸிலில் 28 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் சுமார் 30.5 மி.மீ., 31 ஸ்ப்ளைன் சுமார் 33.5 மி.மீ. வெறும் மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கார்பன் ஸ்டீலிலிருந்து 4340 குரோமோலிக்கு (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) போனால் இன்னும் மேலே போகும்.

வாங்கும்போது ஷாஃப்டின் உடலையும் பாருங்கள். ஸ்ப்ளைன் பள்ளத்தின் விட்டத்துக்கு நடுப்பகுதியையும் சற்று மெலித்துக் கடைந்திருந்தால் அது நல்ல வேலை. அப்போது முறுக்கு முழு நீளத்திலும் பரவும். இல்லையென்றால் ஸ்ப்ளைன் முடிகிற இடத்திலேயே அழுத்தம் குவிந்து, அங்கேயே முறியும்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்துக்கு லாக்கர் மட்டும்தான் இப்போது முடியும். ஷாஃப்டை அடுத்த வருடம் பார்க்கலாமா சார்?

பதில்: இதைத்தான் நானும் செய்தேன், அதனால் உங்களைத் தடுக்கிறேன். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகாது. வண்டி நிற்கும், ஷாஃப்ட் பிழைக்கும். லாக்கர் போட்டதும் கதை மாறுகிறது. பிடிமானம் உள்ள ஒரே சக்கரத்துக்கு மொத்த விசையும் போகலாம். அந்தப் பக்க ஷாஃப்ட் முன்பு சுமந்ததைப் போல இரண்டு மடங்கு வரை சுமக்க வேண்டிவரும். என் வண்டியில் லாக்கர் போட்ட மூன்றாவது பயணத்திலேயே வலது ஷாஃப்ட் போனது. உடைந்த துண்டு உள்ளே சிக்கி, புது லாக்கரையும் கீறிவிட்டது.

இன்னொன்று. இப்போது வாங்கும் லாக்கர் பழைய ஷாஃப்டின் ஸ்ப்ளைனுக்குத்தான் பொருந்தும். பிறகு தடித்த ஷாஃப்ட் வாங்கினால் அதற்கேற்ற சைடு கியரோ முழு லாக்கரோ மறுபடி வாங்க வேண்டும். ஆறு மாதம் பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: 31 அங்குல டயரிலிருந்து 35-க்குப் போகிறேன். கியர் விகிதம் (கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்ற பினியன் சுற்றும் சுற்றுகள்) இப்போது 4.10. எது சரி?

பதில்: பெரிய டயரில் குறையும் இழுவையை மீட்க விகிதத்தைக் கூட்ட வேண்டும். 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் 4.63 வரும். கிடைப்பவற்றில் 4.56 நெருக்கம். பாறை ஏறுவதுதான் முக்கியம் என்றால் 4.88 எடுக்கலாம். ஆனால் எண் கூடக்கூடப் பினியன் தலை சிறிதாகும், பல்லும் குறையும், அங்கே வலு இறங்கும். ஷாஃப்டில் வரும் முறுக்கும் கூடும். நான் என்றால் 4.56-இல் நிற்பேன். அப்புறம், முன் ஆக்ஸிலையும் அதே விகிதத்துக்கு மாற்றாமல் நான்கு சக்கர ஓட்டத்தைப் போடவே கூடாது.

கேள்வி: கிரவுன் பினியனை நானே பொருத்தலாமா?

பதில்: டயல் கேஜும் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பொறுமையும் இருந்தால் முடியும். பினியன் ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பேரிங்குக்கு உரிய முன்னழுத்தம் கொடுத்து, பேக்லாஷை (பற்களுக்கிடையே விடும் சிறு தளர்வு) கியருடன் வரும் தாளில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் அது 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கும். பிறகு பல்லில் சாயம் பூசிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் உச்சியிலோ அடியிலோ ஒதுங்கினால் மறுபடி கழற்றத்தான் வேண்டும். எண் சரியாக வந்துவிட்டதே என்று தடத்தை விட்டுவிடாதீர்கள். முதல் ஓட்டத்தில் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்க வேண்டாம். அதன்பின் எண்ணெயை மாற்றுங்கள்.

கேள்வி: ஷாஃப்ட் முறியப்போவதை முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா அண்ணா?

பதில்: உண்டு. ஷாஃப்டைப் பொருத்தும் முன் அதன் நீளத்துக்கு நேராக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கடினமான ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் உருவிப் பாருங்கள். கோடு திருகியிருந்தாலோ ஸ்ப்ளைன் பற்கள் சாய்ந்திருந்தாலோ அந்த ஷாஃப்டைத் திரும்பப் போடாதீர்கள்.