சர்க்கரை உள்ள பிள்ளையின் வாழ்க்கைத் தரம்: கேள்வி பதில்

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளிடம் வாழ்க்கைத் தரப் படிவம் கொடுத்து மதிப்பிடுவது என் வேலை. அதைப் பற்றிக் கேளுங்கள். இன்சுலின் அளவு மட்டும் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டரின் வேலை.

பள்ளத்தூர் அம்மா: ரத்தப் பரிசோதனை இருக்கும்போது படிவம் எதற்கு?

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். மத்தியான ஊசிக்குப் பிள்ளை பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஒளிந்துகொள்வதைச் சொல்லாது. எச்பிஏ1சி 6.8 என்று நல்ல அளவில் வைத்துக்கொண்டு, ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுமோ என்று தூங்கப் பயப்படும் பிள்ளையும் உண்டு.

நாங்கள் பயன்படுத்தும் படிவத்தின் பெயர் பெட்ஸ்க்யூஎல். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கியது. பொதுப் படிவத்தில் 23 கேள்விகள்: உடம்பு 8, மனசு 5, மற்றவர்களோடு பழகுவது 5, பள்ளிக்கூடம் 5. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று பிள்ளை குறிக்க வேண்டும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 100, 'கிட்டத்தட்ட எப்போதும்' என்றால் 0. கூடினால் நல்லது. நீரிழிவுக்குத் தனிப் படிவம் உண்டு. ஊசி வலிக்கிறதா, டாக்டரிடம் மனசில் இருப்பதைச் சொல்ல முடிகிறதா என்றெல்லாம் அதில் வரும்.

காரைக்குடி: எத்தனை வயதிலிருந்து?

5 வயதிலிருந்து. ஏழு வயது வரை நாங்கள் வாசிப்போம், பிள்ளை மூன்று முகப் படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டும். 2 முதல் 4 வரை பெற்றோர் மட்டும்.

தேவகோட்டை அப்பா: ஒன்பது வயது மகன் தன் தாளில் போட்டது 82, பெற்றோர் தாளில் நான் போட்டது 61. எது சரி?

இரண்டும். பெற்றோர் பெரும்பாலும் பிள்ளையைவிடக் குறைத்துத்தான் போடுவார்கள். 4, 5 புள்ளி வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம், 21 என்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். ஆனால் அவன் நிரப்பும்போது பக்கத்தில் உட்காராதீர்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: உட்காராவிட்டால் விளையாட்டுக்கு எதையாவது டிக் அடிக்கும்.

அடிக்கட்டும் ஆச்சி. உட்கார்ந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து அடிக்கும்.

கோட்டையூர் அண்ணன்: ஆச்சி சொல்வதுதான் சரி. பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் இழை (திரி ஏற்றிய இனிப்பு மாவு) எடுத்தோம். மகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. படிவத்திலும் 'தொந்தரவு இல்லை' என்றுதான் எழுதினாள்.

யார் பக்கத்தில் இருந்தார்கள் அண்ணே?

கோட்டையூர் அண்ணன்: அவள் அம்மா.

அப்புறம் எப்படி எழுதுவாள்? கிடைக்காது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. வீட்டில் அத்தனை பேரும் எரிகிற திரியோடு மாவை வாயில் போட்டுக்கொள்ள, அவள் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். அது ஒரு வாய் மாவு. பச்சரிசியும் வெல்லமும்தான், மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற இன்சுலினோடு கொடுக்கலாம். அடுத்த நோன்புக்கு முன்னால் டாக்டரிடம் கணக்கைக் கேட்டு வையுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: எங்கள் காலத்தில் சர்க்கரை என்றால் இனிப்பைக் கண்ணிலேயே காட்டமாட்டோம்.

அது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையை நினைத்துச் சொல்வது ஆச்சி. இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் இன்சுலினே சுரப்பதில்லை. வெள்ளைப் பணியாரம் இனிக்காதுதான், ஆனால் அரிசியில் மாவுச்சத்து உண்டு, அதற்கும் ஊசி வேண்டும்.

புதுவயல்: மதிப்பெண் 90 வந்திருக்கிறது. ஊசியைக் குறைக்கலாமா?

கூடாது. ஊசி ஒழுங்காகப் போவதும் அந்த 90-க்கு ஒரு காரணம்.

காரைக்குடி: ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தால் ஊசியை நிறுத்த…

நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

குன்றக்குடி டீச்சர்: சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரையைப் பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோகலாமா?

சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்துவிட்டது. மற்ற பள்ளிகளில் டாக்டர் சான்றோடு தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

சிங்கப்பூர்: மகளுக்கு ராத்திரி எத்தனை யூனிட்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

தேவகோட்டை: சித்த மருந்து ஆரம்பித்தால் ஊசி…

நிறுத்தாதீர்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: சரி, நான் இரண்டாங்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். கதவு திறந்திருக்கலாமா?

இருக்கட்டும் ஆச்சி. எட்டிப் பார்க்கக் கூடாது.