உயிரியல் வகுப்பில் மதப் பாடம்: புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்தா?

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் எச்-1பி விசாவில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பரிணாமப் பாடம் தொடங்கிய அன்று ஆசிரியர் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, உயிர்களைக் கடவுள் படைத்தது எப்படி என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதாமல் விட்டதற்கு 5 மதிப்பெண் குறைத்துவிட்டார். நாங்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். புகார் கொடுத்தால் நாத்திகர் என்பார்களோ, கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமோ என்று மனைவி பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். அடியில் பொடி எழுத்தில் ஏதாவது அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற கருத்தை உயிரியல் வகுப்பில் நுழைத்த பள்ளி மாவட்டத்தை எதிர்த்துப் பெற்றோர் வென்ற, 2005இன் பென்சில்வேனியா டோவர் வழக்கைத் திருப்பிப் போட்டவை இப்படிப்பட்ட காகிதங்கள்தான். அங்கே பள்ளி வாரியம் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த சொல், 1987இல் உச்ச நீதிமன்றம் படைப்புவாதப் பாடத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றப்பட்டிருந்தது. ஓரிடத்தில் அவசரத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டே நின்றுவிட்டன. பெயர்தான் மாறியது, சரக்கு மாறவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த ஆர்கன்சா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1968இல் ரத்து செய்தது. பரிணாமம் கற்பித்தால் 'படைப்பு அறிவியலையும்' (கடவுள் படைத்தார் என்பதையே அறிவியலாகச் சொல்வது) சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டம் 1987இல் 7-2 என்ற கணக்கில் வீழ்ந்தது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்கிற, அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம்தான் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்த ஆசிரியர் எதையும் போதிக்கலாம். வகுப்பில் அரசுச் சம்பளத்தில் நிற்கும்போது அவர் பேசுவது அரசின் பேச்சு. மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்லலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022இல் அரசுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் பிரார்த்தனை வழக்கில், இத்தகைய வழக்குகளை எடைபோட்ட பழைய அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது. ஆனால் 1968, 1987 தீர்ப்புகளை அது ரத்து செய்யவில்லை. கீழ் நீதிமன்றங்களை அவை இன்றும் கட்டுப்படுத்தும்.

நாத்திகர் என்பார்களோ என்ற கவலையை விடுங்கள். படைப்பு அறிவியலுக்கும் சம இடம் தரச் சொன்ன ஆர்கன்சாவின் அடுத்த சட்டத்தை எதிர்த்து, 1982இல் வென்ற வழக்கின் வாதிகளில் மெத்தடிஸ்ட், கத்தோலிக்க ஆயர்களும் இருந்தார்கள். பள்ளியில் தம் மதத்தை அரசு கையாள்வதை அவர்களே விரும்பவில்லை.

விசா பற்றி: குழந்தையின் பள்ளியிடம் புகார் கொடுப்பது விசாவையோ கிரீன் கார்டையோ மறுப்பதற்கான காரணம் அல்ல. முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. விஷயம் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனாலும் சிறாரின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளையே ஆவணத்தில் எழுதுவார்கள்.

ஆனால் வழக்கு இப்போது தேவையில்லை. இன்று இரவே மகளிடம் தேதி, ஆசிரியர் சொன்ன வார்த்தைகள், எழுத மறுத்தபோது நடந்தது ஆகியவற்றை அவள் கையாலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிறகு தலைமையாசிரியருக்கு ஒரு பக்க மின்னஞ்சல்: தாளைத் திரும்பப் பெற வேண்டும், 5 மதிப்பெண்ணைத் திருப்பித் தர வேண்டும், எழுத்தில் பதில் வேண்டும். ஆசிரியரை வேலையை விட்டு நீக்கச் சொல்லாதீர்கள். உங்கள் நியாயம் அங்கேயே நீர்த்துப்போகும். தாள் எங்கிருந்து வந்தது, யார் அனுமதித்தார்கள் என்பதை ஜார்ஜியாவின் திறந்த ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 3 வேலை நாளில் பதில் தர வேண்டும்.

"உங்கள் மகள் அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காரட்டும்" என்று பள்ளி சமரசம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறு செய்தவர் வகுப்பில் இருக்க, பாடம் படிக்க வந்த பிள்ளை வெளியேறுவதா?

பதில் வராவிட்டால் மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளரிடம் செல்லுங்கள். அவரும் அசையவில்லை என்றால் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வென்றால் எதிர்த்தரப்பிடமே வழக்கறிஞர் கட்டணம் கேட்க கூட்டாட்சிச் சட்டத்தில் இடம் உண்டு. டோவர் பள்ளி மாவட்டம் அப்படிக் கொடுத்தது 10 லட்சம் டாலர். உங்கள் பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞருக்கு அந்தத் தொகை தெரிந்திருக்கும். பெரும்பாலும் உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே மதிப்பெண் திரும்பி வந்துவிடும்.