குணசேகரனைத் திட்டியதும் மாரிமுத்துவுக்கு அழுததும்

அன்புள்ள அக்கா,

நான் குடியாத்தத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். ராத்திரி ஒன்பதரை ஆனால் நானும் என் அத்தையும் (மாமியார்) டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். 'எதிர்நீச்சல்' தொடர் ஓடிய இரண்டு வருஷமும், அதில் வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆதி குணசேகரனை நான் திட்டாத நாளே இல்லை. மனசுக்குள் இல்லை, வாய்விட்டே திட்டுவேன். என் மகன், "அம்மா, அவருக்குக் கேக்காது" என்பான்.

அப்புறம் 2023 செப்டம்பரில், குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "நாசமாப் போ" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? அது பலித்துவிட்டதோ என்று ஒரு பயம். இன்னும் போகவில்லை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்று. அத்தைக்கும் எனக்கும் வீட்டில் பெரிய சண்டை எதுவும் கிடையாது. தொடர் பார்க்கும்போது மட்டும் முட்டிக்கொள்ளும். குணசேகரனின் பெண்டாட்டி, படித்த ஈஸ்வரி ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்று நான் கத்துவேன். அத்தை எப்போதும் குணசேகரனின் அம்மா விசாலாட்சி பக்கம்தான். "அந்தக் கெழவி இன்னா பண்ணுவா" என்பார். ஒருநாள் மட்டும், ஈஸ்வரி அழுதபோது, "போறவ அன்னைக்கே போயிருக்கணும். இப்ப அழுது இன்னா ஆவப் போவுது" என்று சொல்லிவிட்டு, தொடர் முடிவதற்குள் எழுந்து படுக்கப் போய்விட்டார்.

இல்லாத ஆட்களுக்காக ஏன் இப்படி மனசைக் கெடுத்துக்கொள்கிறாய், பார்ப்பதை நிறுத்து என்கிறார் வீட்டுக்காரர். நிறுத்திவிடலாமா அக்கா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். அதை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாரிமுத்து இறந்தது 2023 செப்டம்பர் 8 காலையில். அதே 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. தேனி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சினிமாவுக்கென்று சென்னைக்கு வந்தவர். நெடுங்காலம் உதவி இயக்குநராக இருந்தார், இரண்டு படங்களை இயக்கினார், கிடைத்த வேடங்களில் நடித்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான், குணசேகரனாக, தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் தெரிந்த முகமானார். அப்படித் தெரியவைத்தது யார்? ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்து அவரைத் திட்டிய நீங்களெல்லாம்தான். இதயத்தில் வந்த நோய்க்கும் உங்கள் வாயில் வந்த சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நம் வட ஆற்காட்டுப் பக்கம் இந்த விஷயம் வெகுகாலமாகவே தெரிந்த ஒன்று.

எங்கள் நைனாவின் ஊர் ஆரணிக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோவிலில் அக்னி வசந்த விழா வைத்தால் மதியம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆயாவின் மடியில் படுத்துக்கொண்டு நான் பார்த்த முதல் தொடர் அதுதான். பகலில் பிரசங்கியார் கதையைச் சொல்லுவார், ராத்திரி அதையே வேஷம் கட்டி ஆடுவார்கள். மறுநாள் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கோபம் குறையாது.

துகில் உரிதல் நடக்கும் ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துச்சாதனன் சேலையைத் தொடப் போகும் நேரத்தில் கூத்து நின்றுவிட்டது. வேஷம் கட்டியவர் கற்பூரம் ஏற்றினார். திரௌபதி வேஷக்காரரைப் பார்த்து, அம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் சேலையில் கை வைத்தார். வைத்த அந்த நொடியிலிருந்து முழுத் துச்சாதனன். என் ஆயா மண்ணை வாரித் தூற்றினார். "உன் கை வெளங்குமாடா" என்று கத்திய குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

விடிந்தது. அதே ஆள், முகத்து அரிதாரம் சரியாகப் போகாமல், எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஆயா அவருக்குச் சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழ் கொடுத்து, தொட்டுக்கொள்ள வெங்காயமும் கொடுத்து, "உன் பெரிய பொண்ணுக்கு வரன் வந்துச்சே, இன்னா ஆச்சு" என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஆயாவுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. ராத்திரி திட்டியது அந்த வேஷத்தை. காலையில் கூழ் கொடுத்தது அந்த மனுஷனுக்கு. இரண்டையும் முழு மனதோடு செய்தார்.

விழாவின் கடைசியில் படுகளம். களத்தில் மல்லாந்து கிடக்கும் மாதிரி மண்ணால் துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள், பத்துப் பதினைந்து ஆள் நீளத்துக்கு. பீமன் வந்து தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு ஊர் போய்விடுவதில்லை. செத்தவனுக்கு ஒப்பாரி உண்டு. அத்தனை நாள் துரியோதனனைச் சபித்த என் ஆயா அங்கே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறாய், நேற்று வரைக்கும் திட்டினாயே என்று கேட்டேன். "பெத்தவளுக்கு அவனும் புள்ளதானே" என்றார்.

நீங்கள் சோறு இறங்காமல் இருந்த அந்த நாளை இதோடு சேர்த்துப் பாருங்கள். குணசேகரனைத் திட்டியதும் மாரிமுத்துவுக்கு அழுததும் ஒரே மனசுதான் செய்தது. அந்த மனசு சரியாகத்தான் இருக்கிறது. அவர் போன சில வாரங்களில் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தபோது உங்களுக்கு உடனே கோபம் வந்ததா? எனக்கு வரவில்லை, கொஞ்ச நாள் பிடித்தது. பழைய மனுஷருக்கு நாம் துக்கம் காத்தோம் என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் அத்தையோடு நடக்கும் சண்டைக்கு வருகிறேன்.

2002இல் நான் கல்லூரி முடித்துவிட்டுப் பேரணாம்பட்டில் வீட்டில் இருந்தேன். அம்மா பீடி சுற்றுவார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அதுதான் வேலை. ராத்திரி நனைத்து வைத்த இலையைக் காலையில் தகடு வைத்து வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சமையல் நேரம் போக ராத்திரி வரைக்கும் கை ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதில் சரியில்லை என்று கழிப்பதைக் கழித்துவிடுவார்கள். கைக்குக் கண் தேவையில்லை என்பதால் கண் டிவிக்குப் போகும். 'மெட்டி ஒலி' போடும் நேரத்தில் நாலைந்து பெண்கள் முறத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

பார்க்காதவர்களுக்காக: சிதம்பரம் என்கிற அப்பாவுக்குத் தாயில்லாத ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியும் கட்டிக்கொடுத்த இடத்தில் என்ன பாடுபடுகிறாள் என்பதுதான் கதை. 2002இல் தொடங்கி 2005 வரைக்கும் 811 பகுதிகள் ஓடியது. அதில் சரோவின் புருஷன் மாணிக்கம், அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு பெண்டாட்டியைப் படுத்துகிறவன்.

எங்கள் பக்கத்து வீட்டில் அப்போது ஒரு அக்கா கல்யாணமாகி வந்திருந்தார். அவரை அவர் புருஷன் அடிப்பது தெருவுக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை. அடுத்த வீட்டுச் சமாச்சாரம். அந்த அக்காவும் வருவார், அவருடைய மாமியாரும் வருவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முறத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்து 'மெட்டி ஒலி' பார்ப்பார்கள்.

ஒருநாள் திரையில் மாணிக்கம் சரோவிடம் கத்திக்கொண்டிருந்தான். என் அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பெத்தவ ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடுவான். அவ சொல்ல மாட்டேன்றா." டிவியில் இருக்கிற அம்மாவைத்தான் சொன்னார். ஆனால் அங்கே எல்லோருடைய கையும் ஒரு நொடி நின்று திரும்ப ஓடியது. அந்த மாமியார் உடனே எதுவும் பேசவில்லை. விளம்பரம் வந்த பிறகுதான், அவரும் தலையை நிமிர்த்தாமல், "அவளும் ஒருத்திகிட்ட அடி வாங்கிகினு வந்தவதான். அப்ப யாரு வந்து கேட்டீங்க" என்றார்.

மாணிக்கத்தின் அம்மா அப்படி அடி வாங்கி வந்தவள் என்று தொடரில் நான் பார்த்ததாக நினைவில்லை. அது எங்கள் பக்கத்து வீட்டுக் கதை.

அதன் பிறகு பல ராத்திரி அந்தப் பாயில் மாணிக்கமும் சரோவும் மட்டும் பேசப்படவில்லை. நேராகச் சொன்னால் உறவே முறிந்துவிடும் விஷயங்களை ஐந்தாறு பெண்கள் சீரியல் ஆட்களின் பேரில் சொல்லிக்கொண்டார்கள். அடி உடனே நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒன்று மட்டும் மாறியது. ஒருநாள் ராத்திரி சத்தம் கேட்டபோது அந்த மாமியாரே எழுந்து வந்து எங்கள் கதவைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அந்தத் தட்டலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இதனால்தான் "இல்லாத ஆட்கள்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ஈஸ்வரியும் விசாலாட்சியும் உங்கள் கூடத்தில் இல்லாமலா இருக்கிறார்கள்?

'கோலங்கள்' ஓடிய காலத்தில் இன்னொன்று பார்த்தேன். 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள் வந்த தொடர். அபியும் தொல்காப்பியனும் நண்பர்கள். கல்யாணமான பெண்ணுக்கு இப்படி ஒரு ஆண் நண்பன் இருக்கலாமா என்று எங்கள் தெருவில் வருஷக்கணக்கில் விவாதம் நடந்தது. அந்த மாதிரி ஒரு பேச்சை எங்கள் தெருப் பெண்கள் அதற்கு முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தொல்காப்பியனாக நடித்த திருச்செல்வம்தான் அந்தத் தொடரை இயக்கியவர், 'எதிர்நீச்சல்' தொடரையும் அவர்தான் இயக்கினார். படித்த பெண்களைத் தேடித் தேடிக் கட்டிக்கொண்டுவந்து சமையலறையில் அடைத்து வைக்கும் ஒரு வீட்டை அவர் காட்டியபோது, அது எத்தனை பேர் வீடு என்று அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். நீங்கள் ஈஸ்வரியிடம் "படிச்சவதானே" என்று கத்துகிறீர்கள். நீங்கள் எதுவரைக்கும் படித்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

தொடர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய குறை உண்டு, அது என்னை வருத்துகிற குறை. ஒரு தொடர் நன்றாக ஓடினால் அதை முடிக்க மாட்டார்கள். முடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகக் கூடாது. போனாலும் திரும்பி வர வேண்டும். அறைந்தவனை மன்னிக்க வேண்டும், அவன் மறுபடி அறைய வேண்டும். வியாபாரத்துக்காக நீட்டிய அந்தக் காலத்தைப் பொறுமை என்று பேர் வைத்து நமக்குக் கொடுக்கிறார்கள். பார்க்கிற பெண்ணின் வாழ்க்கை 1500 பகுதி தாங்காது. நீங்கள் ஈஸ்வரியைப் பார்த்துக் கத்தினீர்களே, அந்தக் கத்தல் எனக்கு அதனாலேயே பிடித்திருக்கிறது. அவளுடைய பொறுமையை நீங்கள் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பார்ப்பதை நிறுத்த வேண்டாம். மனம் சோர்ந்துபோனால் நாலு நாள் விடுங்கள், கதை அங்கேயேதான் நிற்கும். ஆனால் உங்கள் அத்தையோடு உட்காரும் அந்த அரைமணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே நான் நின்றுவிட்டேன். "போறவ அன்னைக்கே போயிருக்கணும்." எப்போதும் விசாலாட்சி பக்கம் பேசுகிறவர், அன்று மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்? பாதித் தொடரில் ஏன் எழுந்து போனார்? 'அன்னைக்கு' என்று அவர் சொன்ன நாள் எது?

ராத்திரி கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இருக்கும்போதும் வேண்டாம், அவர் அத்தையின் மகன். பகலில், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற நேரமாகப் பார்த்து, நீங்கள் காஜா எடுத்துக்கொண்டோ பட்டன் தைத்துக்கொண்டோ கேளுங்கள். ஈஸ்வரியைப் பற்றியே கேளுங்கள். "அத்தை, அவ எந்த நாளு போயிருக்கணும்னு அன்னைக்குச் சொன்னீங்க?" அவர் தொடரைச் சொன்னால் தொடரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது நாளைச் சொல்ல ஆரம்பித்தால் துணியிலிருந்து தலையை நிமிர்த்தாதீர்கள். ஊசி போய்க்கொண்டே இருக்கட்டும். நிமிர்ந்து பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார்.

அன்புடன்,
அக்கா