காப்பாற்ற வந்தவர்கள், தங்கிவிட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கம்போடியா பற்றிய கட்டுரையில் பிரெஞ்சு ஆட்சியையும் 1979-க்குப் பிறகு அங்கிருந்த வியட்நாம் படையையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தீர்கள். உறுத்தியது. உலகமே வேடிக்கை பார்த்தபோது கம்போடியாவின் சர்வாதிகாரி போல் பாட்டின் கொலைக்களங்களை மூடியது வியட்நாம்தானே? வியட்நாம் அங்கே அமைத்த அரசை இந்தியாவும் அங்கீகரித்ததே. உயிரைக் காத்தவனை ஆக்கிரமிப்பாளன் என்பது நன்றிகெட்டதனம் இல்லையா?

க.,
திண்டுக்கல்

அன்புள்ள க.,

பென் சோவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வியட்நாம் தலைநகர் ஹனோயில் பல ஆண்டுகள் வாழ்ந்த கம்போடியக் கம்யூனிஸ்ட். வியட்நாம் படை அமைத்த புதிய அரசில் 1981-ல் கட்சியின் பொதுச்செயலாளராகவும் பிரதமராகவும் ஆனார். அந்த டிசம்பரிலேயே பதவி பறிபோனது. ஹனோய்க்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டுகள் அடைத்து வைத்தார்கள். எல்லாவற்றிலும் வியட்நாமியர் தலையிடுவதை எதிர்த்ததுதான் தன் குற்றம் என்று பின்னாளில் அவர் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமரைப் பக்கத்து நாட்டுச் சிறையில் வைக்க முடிகிறதென்றால் அங்கே ஆள்வது யார்?

1979 ஜனவரி 7-ம் தேதி கம்போடியத் தலைநகர் ப்னோம் பென் விழுந்திராவிட்டால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. நாலாண்டுகூட நிறையாத போல் பாட் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் அன்று வியட்நாம் சிப்பாயைக் கண்டு அழுதது உண்மை. ஆனால் அந்தச் சிப்பாய் அதற்காக அனுப்பப்பட்டவன் இல்லை. போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கம் எல்லை தாண்டி வியட்நாம் கிராமங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஹனோய் தன் எல்லையைக் காக்க வந்தது. அதில் தவறில்லை. ஆனால் தன் எல்லைக்காக வந்தவன் போகும் நாளையும் தன் எல்லையை வைத்துத்தானே முடிவு செய்வான்? கடைசிப் படைப்பிரிவு வெளியேற 1989 செப்டம்பர் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் கே-5 என்ற திட்டம் வந்தது. தாய்லாந்து எல்லை நெடுக மரங்களை வெட்டி, கண்ணிவெடி புதைத்து, கெமர் ரூஜ் முதலான கொரில்லாக்கள் நுழையாதபடி அடைப்பது. வேலைக்குக் கிராமத்துச் சனங்களைப் பிடித்துப் போனார்கள். போல் பாட்டின் வயல்களில் பிழைத்துக் கிடந்தவர்கள் மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஆயிரக்கணக்கில் போனார்கள். ஜனவரி 7-ன் நன்றி கரைந்தது அந்தக் காட்டில்தான் என்பது என் எண்ணம்.

பழைய நினைவும் உண்டு. 1830-களில் வியட்நாம் பேரரசன் மின் மாங் கம்போடியாவை விழுங்கப் பார்த்தான். ஆங் மேய் என்ற இளம்பெண்ணை அரியணையில் உட்காரவைத்து, தன் அதிகாரிகளைக் கொண்டு நாட்டை நடத்தினான். 1840-ல் பெருங்கலகம் வெடித்தது. கால்வாய் வெட்டப்போன கெமர் இனத்துக் கம்போடியர்களைக் கழுத்தளவு புதைத்து, தலைகளை அடுப்புக்கல்லாக்கித் தேநீர் கொதிக்கவைத்தார்கள் என்ற கதையை அங்கே குழந்தைகளுக்கும் சொல்கிறார்கள். (இதே கதைகளைக் கிளறித்தான் கெமர் ரூஜ் வியட்நாமிய வம்சாவளியினரைக் கொன்றது. தோன்லே சாப் ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் ஏழைகள் மேல் இன்றும் அந்த வெறுப்பு பாய்கிறது.)

பிரெஞ்சுக்காரர்களும் காவலர்களாகத்தான் வந்தார்கள். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) வியட்நாமுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்த மன்னர் நரோதம் 1863-ல் அவர்களுடைய பாதுகாப்பை ஏற்றார். 1884-ல் பிரெஞ்சு ஆளுநர் தாம்சன் பீரங்கிப் படகுகளோடு வந்து, அரண்மனைக்குள் நுழைந்து, நிர்வாகம் மொத்தத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரே வரிசையில் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். இரண்டு கொடுமைகளும் ஒரே அளவு என்று நான் எழுதவில்லை.

உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அது பாயவேண்டிய இடம் நியூயார்க். 1979 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை 71-க்கு 35 என்ற வாக்கில் கம்போடியாவின் இருக்கையைப் போல் பாட் தரப்புக்கே கொடுத்தது. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து கை தூக்கின. 1982-ல் கோலாலம்பூரில் முன்னாள் மன்னர் சிஹானூக்கும் முன்னாள் பிரதமர் சோன் சானும் கெமர் ரூஜின் கியூ சம்பனோடு வியட்நாமுக்கு எதிரான கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கெமர் ரூஜிடம் பறிகொடுத்தவர் சிஹானூக்! தேச விடுதலையின் பெயரால் களத்தில் நின்ற படைகளில் பெரியது அந்தக் கொலைகாரர்களுடையதுதான். சீனா ஆயுதம் கொடுத்தது, தாய்லாந்து இடம் கொடுத்தது.

அதனால் 1980-ல் இந்திரா காந்தி அரசு ப்னோம் பென்னை அங்கீகரித்தது சரி என்றே நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தைத் திறந்தது அந்த அரசு. நம் தொல்லியல் துறை 1986-ல் அங்கோர் வாட்டில் வேலை தொடங்கியதும் அதனால்தான். ஆனால் டெல்லி அங்கீகரித்தது என்பதற்காக, கம்போடியர்கள் அந்த அரசைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆகாது. அந்த வாய்ப்பு 1993 மே மாதம், ஐ.நா. நடத்திய தேர்தலில் கிடைத்தது. பத்தில் ஒன்பது பேர் வந்து வாக்களித்தார்கள். சிஹானூக் மகன் ரணரித்தின் கட்சிக்கு 58 இடம், வியட்நாம் அமைத்த அரசில் 1985 முதல் பிரதமராக இருந்த ஹுன் சென்னின் கட்சிக்கு 51. ஹுன் சென் இறங்க மறுத்தார். நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் வாய்த்தார்கள். 2023-ல் பிரதமர் நாற்காலியை மகனுக்குக் கொடுக்கும்வரை அவர் அதிகாரத்தை விடவேயில்லை.