அன்னா மே வாங்: பிள்ளைகள் சிரித்தது யாரால்?

ஐயா, ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் அன்னா மே வாங் வரும் காட்சிகளை இணையத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். எல்லாரும் விறுவிறுவென்று ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊமைப்பட நடிப்பே மிகைதானே? அவர் புகழ் ஏன் நிலைக்கவில்லை, சம்பளம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்.
– ஓர் ஆசிரியர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

1924-இல் வந்த படத்தை வகுப்பில் போட்டுக் காட்ட பினாங்கில் எத்தனை வாத்தியாருக்குத் தோன்றும்? அதற்கு உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும். காட்டிய விதத்துக்கு ஒரு குட்டும் வைக்க வேண்டும்.

சம்பளத்தை விடுங்கள். 1905-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சீனச் சலவைக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவர், 17 வயதில் 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தில் நாயகி. பிறகு ஹாலிவுட் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி வேடங்கள்தான். வெறுத்துப்போய் 1928-இல் ஐரோப்பா போனார். மறு ஆண்டே அங்கே அவர் நடித்த 'பிக்காடில்லி' படம் வந்தது. 'தி குட் எர்த்' படத்தின் சீனப் பெண் வேடமோ வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் அவருக்கே. புகழ் ஏன் நிலைக்கவில்லை என்று இனியும் கேட்பீர்களா?

'மிகை' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள்?

அன்று காமிராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் (ஃபிரேம் என்றால் படச்சுருளில் ஒரு தனிப் படம்), வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக வினாடிக்கு 16. இருபதுகளில் அது 18, 20, 22 என்று ஏறியது. பேசும் படம் வந்த பிறகுதான் 24 நிலைத்தது. (அன்றைய தியேட்டர் ஆப்பரேட்டர்களும் கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டினார்கள், அது வேறு கதை.) 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். ஆயிரம் அடிச் சுருளில் 16,000 ஃபிரேம். 16 நிமிடம் 40 வினாடி ஓட வேண்டியது 11 நிமிடச் சொச்சத்தில் முடிந்துபோகும். நடிகை மூன்று வினாடி அசையாமல் ஒருவனைப் பார்க்கிறாள் என்றால் 48 ஃபிரேம். உங்கள் திரையில் அது இரண்டே வினாடி. அன்னா மே வாங்கின் பலமே அந்த நிதானம்தான்: தலை திரும்பாது, கண் மட்டும் மெல்ல நகரும். அதைப் பறிகொடுத்துவிட்டு நடிப்பைக் குறை சொல்கிறீர்கள்!

அடுத்த முறை முதலில் அவரைப் பார்க்காதீர்கள். பின்னால் நடந்துபோகும் துணைநடிகர்களையும், தோளிலிருந்து நழுவும் துணியையும் பாருங்கள். துணி கல்லைப்போல விழுந்தால் வேகம் அதிகம். வீடியோ பிளேயரில் வேகத்தை 0.75 என்று வைத்தால் 24 என்பது 18 ஆகிவிடும். இசை இழுத்துக்கொண்டு கேட்கும், சத்தத்தை அணைத்துவிடுங்கள். இன்னும் ஓட்டமாகத் தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில பிரதிகளில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரட்டித்து ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். படத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்றுக்கு இரண்டு அச்சாக ஒன்றுபோல் இருந்தால் வேகத்தில் கைவைக்காதீர்கள். அதற்குமேல் குறைத்தால் படம் தூங்கிவழியும், அதற்கும் நடிகையைத்தான் திட்டுவீர்கள்.