புற்றுநோயும் மனசும்: கேளுங்கள், சொல்கிறேன்

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். பதினேழு வருடமாக என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், இல்லையென்றால் அவர்களின் வீட்டுக்காரர்கள். மனசு சம்பந்தமாக எதை வேண்டுமானாலும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள். எந்தக் கீமோ நல்லது என்பது என் துறை இல்லை.

அம்பாசமுத்திரம்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், டாக்டர். நாலு கீமோ முடிந்தது. கேட்டால் "சடவா இருக்கு" என்று சொல்லிப் படுத்துவிடுகிறாள். இது மருந்தின் சடவா, மனச்சோர்வா?

நல்ல கேள்வி. நம் ஊரில் சடவு (அசதி) என்ற ஒரே சொல்லுக்குள் பத்து விஷயம் இருக்கிறது. முதலில் ரத்தத்தைப் பாருங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. வலி இருக்கிறதா, தூங்குகிறாளா என்று கேளுங்கள். கீமோ சடவு பொதுவாக ஊசி போட்ட சில நாளில் கூடி, அடுத்த ஊசிக்குள் கொஞ்சம் தெளியும். பேத்தி வந்தால் படுத்தபடியே சிரிப்பாள். மனச்சோர்வு அப்படித் தெளியாது. இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, பேத்தி வந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள் என்றால் காட்டியே ஆகவேண்டும்.

முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தார். மூன்று தடவை கேட்டும் "சடவுதான்" என்றார். நான்காம் தடவை, "வெப்ராளமா வருதாம்மா?" என்றேன். மனப்புழுக்கத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பேச்சில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தை பீடி இலை மாதிரி விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. எந்திச்சு வாசப்படியில உக்காந்துருவேன்" என்றார். மூன்று மாதமாக அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டிலேயே ஒரு காரியம் செய்யலாம். தாளில் ஒரு தெர்மாமீட்டர் வரைந்து 0 முதல் 10 வரை குறியுங்கள். "இந்த ஒரு வாரத்துல மனசு எவ்வளவு கஷ்டப்பட்டுச்சு, தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். உலகில் பல புற்றுநோய்ப் பிரிவுகளில் இதைத்தான் செய்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் காட்டினால் அடுத்த முறை டாக்டரிடம் அந்தத் தாளையே கொடுங்கள்.

வள்ளியூர்: என் கல்யாணத்தில் அப்பாவுக்கு விருப்பமில்லை. அந்தக் கவலையில்தான் அவருக்கு வாய்ப்புற்று வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

இல்லை தம்பி. உங்கள் கல்யாணத்தால் வரவில்லை. வாய்ப்புற்றுக்குப் பெரிய காரணம் புகையிலை, பாக்கு, மது. இந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வையுங்கள்.

ஆலங்குளம்: மனசு தைரியமாக இருந்தால் ஆயுள் கூடுமா? எல்லோரும் என் மைனியிடம் "தைரியமா இரு" என்றுதான் சொல்கிறார்கள்.

தைரியமா இரு என்று சொல்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதைக் கேட்கிற நோயாளி அழுவதற்குக்கூட இடமில்லாமல் போகிறார்.

1989-இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில் வாரம் ஒருமுறை கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் இருந்தார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. மனக்கஷ்டம் குறைந்தது, வலியும் குறைந்தது. 2007-இல் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், மனசு நன்றாக இருந்ததற்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதனால் உங்கள் மைனி அழுதால் கட்டி வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் மனசு முக்கியமில்லையா? மிக முக்கியம். மனச்சோர்வு உள்ள புற்றுநோயாளிகளிடம் இறப்பு விகிதம் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. அதற்கு ஒரு வழியை நான் தினமும் பார்க்கிறேன்: மனசு விட்டவர் மாத்திரையை விடுவார், சாப்பாட்டை விடுவார், ரேடியேஷனுக்கு பஸ் ஏறமாட்டார். பொதுவாகவே மனச்சோர்வு உள்ள நோயாளிகள் மருத்துவர் சொன்னதைப் பின்பற்றாமல் போக மூன்று மடங்கு வாய்ப்பு என்று 2000-இலேயே கணக்கிட்டுவிட்டார்கள்.

2010-இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்குப் பிடித்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, வலியையும் மனசையும் கவனிக்கும் ஆதரவு சிகிச்சையும் ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள். அவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு அறிகுறி, மற்றவர்களில் 38. ஆயுளும் இவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனசைத் தனியாகத் தூக்கி நிறுத்தியதால் வந்த பலன் இல்லை இது. மொத்த ஆளையும் கவனித்ததால் வந்தது.

திசையன்விளை: சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியா, திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யா (மண்டலப் புற்றுநோய் மையம்), எது நல்லது?

உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

நாங்குநேரி: மார்பகப் புற்றுக்காகத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். மனசு சரியில்லை என்று பக்கத்து மெடிக்கலில் பராக்சிடின் வாங்கிக்கொண்டேன். சரிதானே அக்கா?

சரியில்லை அம்மா. தமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற ஒரு நொதி கல்லீரலில் இருக்கிறது. பராக்சிடினும் ஃபுளுவாக்சிடினும் அதைத் தடுக்கும். வெண்லாஃபாக்சின் போன்றவை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆனால் நீங்களாக மாற்றவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: மனசுக்கான மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

களக்காடு: ஆச்சிக்குக் கருப்பைவாய்ப் புற்று, வயது 68. வெறும் கட்டி என்று சொல்லி ஆர்.சி.சி.க்குக் கூட்டிப் போய் வருகிறோம். தெரிந்தால் உடைந்துபோவாள். நாங்கள் செய்வது தப்பா?

தப்பு என்று சொல்லமாட்டேன், அது அன்பில் செய்தது. ஆனால் ஆச்சி எத்தனை தடவை அந்த வாசலில் இறங்கியிருக்கிறார்? வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசியிருக்கமாட்டார்களா?

கல்லிடைக்குறிச்சி: சொல்லவே கூடாது டாக்டர்! எங்க அப்பாவிடம் சொன்னோம், மறுநாளே சாப்பாட்டை நிறுத்திட்டார்.

சேரன்மகாதேவி: நான் நர்ஸ். சொல்லாமல் வைத்திருந்த ஒரு தாத்தா, "எல்லாரும் எனக்குத் தெரியாம என்னமோ பேசுதாவ" என்று ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குச் சொல்லியிருக்கலாம்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி, அப்பாவிடம் யார் சொன்னது, எங்கே வைத்து?

கல்லிடைக்குறிச்சி: ஸ்கேன் பார்த்த டாக்டர். வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்றோம்.

அண்ணாச்சி, நான் உங்கள் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவை உடைத்தது உண்மை மட்டும்தானா, அது வந்த விதமும்தானா என்று யோசித்துப் பாருங்கள். உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, "என்ன வைத்தியம் இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

களக்காடு தம்பி, ஆச்சியிடம் நோயின் பேரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். "உனக்கு என்னன்னு நினைக்க ஆச்சி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் அதுவும் அவர் உரிமை. கேட்காமலே நாம் முடிவுசெய்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

வீரவநல்லூர்: மன அழுத்தத்தால் கேன்சர் வருமா?

கடையம்: கவலைப்பட்டால் திரும்ப வருமா?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். கவலைதான் புற்றுநோயைக் கொண்டுவருகிறது, திரும்ப வரவழைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இனி இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதமாட்டேன். பின்னால் காத்திருப்பவர்களுக்கு நேரம் வேண்டும்.

பேட்டை: அண்ணனுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. "நான் இருந்து என்ன" என்றே சொல்கிறான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2012-இல் வந்த சுவீடன் ஆய்வில், நோய் தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். "செத்துரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாவையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், நாளை வேண்டாம்.

களக்காடு: டாக்டர், இப்போதுதான் கேட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எனக்குத் தெரியும்ல. தாத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, தாங்கமாட்டாவ" என்றாள். தாத்தாதான் எங்களிடம் முதலில் சொல்ல வேண்டாம் என்றவர்.

தாத்தாவிடம் எப்போது, யார் சொல்வது என்பதை ஆச்சியே முடிவு செய்யட்டும். அடுத்த வாரம் இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள். உங்களுக்கு வெளியே நாற்காலி போடச் சொல்கிறேன்.